ஒரு வரி குறைகிறது

ஜனவரி 6

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். என் வலது முழங்காலுக்கு மட்டும் தனிக் கருத்து இருக்கிறது, எழுந்திருக்கும்போது அதைச் சொல்கிறது. உன் சர்க்கரை எப்படி? போன தடவை தொலைபேசியில் "கட்டுக்குள்ள இருக்கு அண்ணி" என்றாய். எண் சொல்லவில்லை. எண் சொல்லாமல் நலம் என்பவர்களை நான் நம்புவதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். ஓய்வுபெற்ற வரைவாளர் சங்கத்தின் செயலாளர் நேற்று வீட்டுக்கு வந்தார். கையில் அச்சடித்த ஒரு மின்னஞ்சல். பத்து நாளில் வயிற்றைக் குறைக்கும் மாத்திரையை வாங்கிப் பயனடையுமாறு நான் அவருக்கு எழுதியிருக்கிறேன். அடியில் என் பெயர், மேலே என் முகவரி. அவர் உருவம் உனக்குத் தெரியும். நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு, "மேடம், நேர்லயே சொல்லியிருக்கலாம்" என்றார். அவருக்குக் காபி கொடுத்துச் சமாதானம் செய்ய முக்கால் மணி நேரம் ஆயிற்று. இரண்டாவது காபிக்குச் சர்க்கரை வேண்டாம் என்று சொல்லிவிட்டார், பாவம்.

அந்த முகவரியின் பின்பாதியில் வரும் டொமைன், உன் அண்ணன் ஓய்வுபெற்ற பிறகு வீட்டு வரைபடம் போட்டுக் கொடுப்பதற்காகத் தன் பெயரிலேயே வாங்கியது. அதில் இருப்பது இரண்டே மின்னஞ்சல் பெட்டிகள்: அவருடையது, என்னுடையது. அவருடையதை ஆறு வருடங்களுக்கு முன் நீயே மூடினாய். சர்வரும் உன் கையில். அப்படியானால் மாத்திரை விற்பது யார்?

இதற்கு ஒரு முடிவு தெரியும்வரை உனக்குத் தபாலில்தான் எழுதுவேன். இந்தக் கையெழுத்தையாவது உனக்கு அடையாளம் தெரியும்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அண்ணி

*

ஜனவரி 17

அன்பும் மரியாதையும் கலந்த வணக்கம், அண்ணி.

நாங்கள் எல்லோரும் சௌக்கியம். சர்க்கரை 168. முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறீர்களா, இல்லை, கண்டித்துக்கொண்டு மட்டும் இருக்கிறீர்களா?

இருபத்தாறு வருடமாக ஊரார் மெயிலைப் பார்த்துக்கொள்கிற நான் சொந்த அண்ணியின் மெயிலைக் கவனிக்காமல் விட்டது தப்புதான். தபால் உறையின் பின்பக்கத்தில் அனுப்புநர் என்று யார் முகவரியை வேண்டுமானாலும் எழுதலாம் அல்லவா? மின்னஞ்சலிலும் அப்படித்தான். மாத்திரைக்காரன் உங்கள் பெட்டியைத் திறக்கவே இல்லை. உறையில் உங்கள் முகவரியை எழுதினான், அவ்வளவுதான்.

இதைத் தடுக்க வழி இருக்கிறது. டொமைனுக்கு என்று உலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய ஒரு பதிவேடு உண்டு. இந்த வீட்டுக் கடிதம் இந்த சர்வரிலிருந்து மட்டும்தான் புறப்படும் என்று அதில் எழுதி வைக்கலாம். அதோடு, போகிற ஒவ்வொரு கடிதத்திலும் சர்வர் ஒரு ரகசியச் சாவியால் முத்திரை போடும். அதற்கு ஜோடியான இன்னொரு சாவியை அதே பதிவேட்டில் பகிரங்கமாக வைத்துவிடுவோம். கடிதம் பெறுகிறவர்களின் சர்வர் அதை வைத்து முத்திரை அசலா என்று சோதித்துக்கொள்ளும். போலி என்றால் குப்பையில் போடு என்றும் எழுதி வைக்கலாம்.

பதிவேட்டில் கைவைக்க டொமைன் பதிவுத் தாள் வேண்டும். அண்ணன் அதை வரைமேசை இழுப்பறைகளில் எதிலோ வைத்திருப்பார். தயவுசெய்து தேடிப் பாருங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தம்பி

*

ஜனவரி 29

அன்புள்ள தம்பிக்கு,

நலம், நலமறிய ஆவல். 168 என்பது சாப்பிடுவதற்கு முன்பா, பின்பா? பாதிப் பதிலை எனக்குப் பதிலாக அனுப்பாதே.

பதிவுத் தாள் கிடைத்துவிட்டது, பிரதி இத்துடன் இருக்கிறது. நான்கு நாள் தேடினேன். விரல் நீளத்துக்கும் குறைந்த பென்சில்களை உன் அண்ணன் உயரவாரியாக ஒரு பெட்டியில் அடுக்கி, மேலே "இன்னும் எழுதும்" என்று சீட்டு ஒட்டி வைத்திருக்கிறார். கடைசி இழுப்பறையில் அச்சக உறை ஒன்று, பிரிக்காமல் இருந்தது. அது இந்த விஷயத்துக்குச் சம்பந்தமில்லாதது.

ஒரு சந்தேகம். நீ சொல்லும் அந்த முத்திரை விழுந்து கடிதம் போய்விட்டால், அனுப்பியவர் பிறகு அதை நான் எழுதவில்லை என்று சொல்ல முடியுமா? பொதுவாகத்தான் கேட்கிறேன்.

இரண்டு நாளாக முழங்கால் பேசவில்லை. மற்றவை வழக்கம்போல்.

அண்ணி

*

பிப்ரவரி 12

வணக்கம் அண்ணி.

சாப்பிட்ட பிறகு. சாப்பிடுவதற்கு முன் எடுத்த எண்ணைச் சொன்னால் அடுத்த வண்டியில் கிளம்பி வந்துவிடுவீர்கள் என்று உங்கள் ஓரகத்தி சொல்லவேண்டாம் என்கிறாள். அவளுக்கு இருமல் நின்றுவிட்டது.

வேலை முடிந்தது. நேற்றிலிருந்து உங்கள் வீட்டுக் கடிதம் எல்லாம் முத்திரையோடுதான் போகிறது. மாத்திரைக்காரனின் சரக்கு இனிமேல் யார் வாசலிலும் ஏறாது. உலகத்து மெயில் கம்பெனிகள் எல்லாம், உங்கள் பெயரில் இன்றைக்கு இத்தனை கடிதம் வந்தது, இத்தனை தேறியது, இத்தனை தேறவில்லை என்று தினமும் உங்களுக்கே அறிக்கை அனுப்பும். அதைப் படிக்க அவசியமில்லை.

உங்கள் சந்தேகத்துக்கு: முத்திரை விழுந்த கடிதத்தை இந்த வீட்டிலிருந்து போகவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அது வீட்டுக்குத்தான் சாட்சி, ஆளுக்கு இல்லை. வீட்டுக்குள் எழுதியது யார் என்று அதற்குத் தெரியாது. இன்னொன்று, முத்திரை கடிதம் முழுவதையும் பார்த்துப் போடப்படுவது. வழியில் யாராவது ஓர் எழுத்தைச் சேர்த்தாலும் எடுத்தாலும் உடைந்துவிடும்.

எதற்குக் கேட்டீர்கள்?

அன்புடன்,
தம்பி

*

மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் எல்லோருடைய நலத்துக்கும் என் வேண்டுதல். ஓரகத்தியின் இருமல் நின்றதில் மகிழ்ச்சி. அவள் கஷாயத்தை நிறுத்தக் கூடாது.

அறிக்கைகளைப் படிக்க அவசியமில்லை என்று எழுதியிருந்தாய். நான் தினமும் காலையில் வருகைப் பதிவேடு பார்ப்பதுபோலப் பார்க்கிறேன். கான்வென்ட்டில் எட்டு வருடம் வகுப்புத் தலைவியாக இருந்தவளிடம் தேர்ச்சிப் பட்டியலைக் கொடுத்துவிட்டுப் படிக்காதே என்பது என்ன நியாயம்? வெள்ளிக்கிழமை பதினொன்று. ஒன்பது தோல்வி, மாத்திரைக்காரன். இரண்டு தேர்ச்சி. ஒன்று நான் குடிநீர் அலுவலகத்துக்கு எழுதிய புகார். மற்றது முக்கியமல்ல.

சனிக்கிழமை அவனுடையது நான்குதான். சோர்ந்துவிட்டான் போலிருக்கிறது. சங்கச் செயலாளரிடம் விவரமாகச் சொன்னேன். நிம்மதியாகி, இரண்டாவது காபிக்குச் சர்க்கரை கேட்டார்.

எதற்குக் கேட்டேன் என்று கேட்டிருந்தாய். பொதுவாகத்தான்.

வெயிலில் அலையாதே.

அண்ணி

*

மார்ச் 15

அண்ணிக்கு வணக்கம். முழங்கால் அமைதியாக இருக்கும் என்று நினைக்கிறேன். எங்களுக்கு ஒரு குறையுமில்லை.

நேற்று உங்கள் தங்கை எனக்குத் தொலைபேசினார். ஆறு வருடத்துக்குப் பிறகு அவர் குரலைக் கேட்டதில், யார் என்று புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று. பதினைந்து நாளுக்கு முன் அவருக்கு உங்கள் முகவரியிலிருந்து ஒரு மெயில் வந்திருக்கிறதாம். அதில் நீங்கள் மன்னிப்புக் கேட்டிருக்கிறீர்களாம். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "எங்க அக்கா மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்ல. ஸ்கூல்ல சிஸ்டர் முட்டி போட வெச்சப்பகூட, முட்டிதான் போட்டா, வாயத் திறக்கல. போன வருஷம் இதே அட்ரஸ்லேருந்து எனக்கு வயிறு குறைய மாத்திரை வந்துச்சு. இதுவும் அந்த ஆள் வேலையா இருக்கும். நீங்க பாத்துச் சொல்லுங்க. நிஜம்னா டிக்கெட் போடறேன். பொய்யை நம்பி அங்க வந்து நின்னு இன்னொரு தடவை அசிங்கப்பட என்னால முடியாது."

அண்ணன் போன மறுநாள் உங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்த நாற்பது பேரில் நானும் ஒருவன். அவர் எதைச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். சுற்றி வளைக்காமல் கேட்கிறேன்: அந்த மெயிலை எழுதியது நீங்களா? ஒரே ஒரு வார்த்தை எழுதினால் போதும், எந்தச் சோதனையும் வேண்டாம். அதை அவரிடம் சொல்லிவிடுகிறேன்.

எதிர்பார்ப்போடு,
தம்பி

*

மார்ச் 24

தம்பிக்கு,

நலம். மற்றவற்றை விசாரிக்கும் மனநிலையில் இல்லை. உன் சர்க்கரையை மட்டும் எழுது.

அப்படி ஒரு மின்னஞ்சலைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. ஒருவர் தன் தங்கைக்கு எழுதும் கடிதம் மூன்றாவது ஆளின் மேசைக்குப் போகும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. இதையும் பொதுவாகத்தான் சொல்கிறேன்.

நடந்தது உனக்கு மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். உன் அண்ணன் தலைமை வரைவாளராக ஓய்வுபெற்றவர். அவள் தன் அச்சகத்தில் அச்சுக் கோத்து, பத்திரிகைக்கு அனுப்பிய மரண அறிவிப்பில் அவர் "உதவி வரைவாளர்" ஆகிவிட்டார். முப்பத்துநான்கு வருட உழைப்பு ஒரு வார்த்தையில் சுருங்கியது. ஆகவே, "உங்க அச்சகத்துல படிக்கத் தெரிஞ்சவங்க யாருமே இல்லையா?" என்று கேட்டேன். நாற்பது பேர் இருந்தார்கள். ஆறு வாரம் என்னோடு மாறி மாறி ஆஸ்பத்திரியில் கண்விழித்தவள், கையிலிருந்த பிளாஸ்கைக் கீழே வைத்தாள், ஓர் உறையை வரைமேசைமேல் வைத்தாள், போய்விட்டாள்.

இப்போது எவனோ என் பெயரில் மன்னிப்புக் கேட்டிருக்கிறான் என்றால் அது உன் துறையின் பிரச்சினை. சோதித்துப் பார். மாடியில் குடியிருக்கும் பல் மருத்துவர்மேல் எனக்கு ஒரு கண் உண்டு. மாலை வேளைகளில் மிகவும் அமைதியாக இருக்கிறார்.

டிக்கெட் என்றாளா? எந்தத் தேதிக்கு?

அண்ணி

*

ஏப்ரல் 10

வணக்கம் அண்ணி. சர்க்கரை 151, காலையில், வெறும் வயிற்றில். உங்கள் ஓரகத்தி பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்து எழுதுகிறேன்.

உங்கள் தங்கையிடம் மெயிலின் மூலக் கோப்பையே இறக்கி அனுப்பச் சொன்னேன். இப்படி அப்படி என்று இரண்டு வாரம் கழித்து அனுப்பினார். சோதித்தேன்.

தேறவில்லை. புறப்பட்ட நேரம், டொமைன், தலைப்பு எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. ஆனால் கடிதத்தின் உடலும் முத்திரையும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. இப்படி வந்தால் நம்பாதே என்பதுதான் எங்கள் துறையின் விதி. மாத்திரைக்காரன் இவ்வளவு தூரம் கெட்டிக்காரனாகிவிட்டானா என்று எனக்கே திகைப்பாக இருக்கிறது. உங்கள் பெயரில் எழுதியிருப்பதை நீங்களும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக இங்கே படியெடுக்கிறேன்:

"தங்கைக்கு, நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். ஆறு வருடங்களுக்கு முன் நீ வைத்துவிட்டுப் போன அச்சக உறையைப் போன மாதம்தான் பிரித்தேன். ஆகையால், நாற்பது பேர் முன்னால் நான் சொன்னது தவறு. மன்னித்துக்கொள். உன் பிளாஸ்க் என்னிடம் இருக்கிறது. அக்கா."

இருபத்தைந்தாம் தேதிக்குள் முடிவு சொல்வதாக அவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். பொய் என்று சொன்னால் அவர் சண்டை போடமாட்டார், "எனக்குத் தெரியும்" என்று வைத்துவிடுவார். அதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. அதன்பிறகு உண்மையிலேயே நீங்கள் எழுதினாலும் அவர் திறந்து பார்க்கப்போவதில்லை.

வருத்தத்துடன்,
தம்பி

*

ஏப்ரல் 16
(விரைவுத் தபால்)

தம்பிக்கு,

நலம். நலமே விழைகிறேன். 151 அதிகம். அதைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்கிறேன்.

நீ அனுப்பிய படியை மூன்று முறை படித்தேன். ஒரு வரி குறைகிறது.

"போன மாதம்தான் பிரித்தேன்" என்பதற்கும் "ஆகையால்" என்பதற்கும் நடுவில் இப்படி இருக்க வேண்டும்: "அதிலிருந்த சீட்டில் 'உதவி வரைவாளர்' என்று எழுதியிருப்பது என் கையெழுத்து, நீ அன்றைக்கே அதை எல்லோரிடமும் காட்டியிருக்கலாம், காட்டவில்லை."

அந்த வரி இல்லாமல் கடிதத்தில் என்ன இருக்கிறது? உறையைப் பிரித்தாளாம், ஆகையால் தவறாம். உறையைப் பிரித்ததற்காக யாராவது மன்னிப்புக் கேட்பார்களா? காரணத்தைச் சொல்லாமல் மன்னிப்பு மட்டும் கேட்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. இப்படி அரைகுறையாக ஒரு கடிதத்தை என் பெயரில் யாரும் வைத்துக்கொண்டிருக்க நான் சம்மதிக்கமாட்டேன். அவளிடம் எதையும் சொல்வதற்கு முன் அந்த வரியைச் சேர்த்து மறுபடி சோதித்துப் பார். இரண்டு இடத்தில் காற்புள்ளி, கடைசியில் முற்றுப்புள்ளி.

இதை வைத்து, அதை எழுதியது நான் என்று முடிவு கட்டிவிடாதே.

இருபத்தைந்தாம் தேதிக்கு முன் இது உன் கைக்குக் கிடைக்க வேண்டும். தபால் நிலையத்தில் வரிசையில் நின்று நானே போடுகிறேன்.

அண்ணி

*

ஏப்ரல் 24

அன்புள்ள அண்ணி,

நாங்கள் சுகம். நீங்கள் வரிசையில் எவ்வளவு நேரம் நின்றீர்கள், முழங்கால் என்ன சொல்கிறது என்று எழுதுங்கள்.

உங்கள் கடிதம் நேற்றுக் காலை வந்தது. வரியைச் சேர்த்துச் சோதித்தேன். தேறவில்லை. மனசு உட்கார்ந்துவிட்டது. பிறகு உங்கள் கடிதத்தோடு வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிட்டதில், முற்றுப்புள்ளியை நான் விட்டிருந்தேன். வைத்தேன். தேறியது. இந்த வேலையில் இத்தனை வருடம் ஆயிற்று, தேறியது என்ற சொல்லைத் திரையில் ஒருநாளைக்கு ஆயிரம் தடவை பார்க்கிறவன் நான். நேற்று எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

பிறகு உங்கள் தங்கையைக் கூப்பிட்டேன். கடிதம் நிஜம், ஆனால் அனுப்பிய கோப்பில் ஒரு வரி குறைந்தது என்றேன். "ஒரு வரிய எடுத்தாக்கூடத் தெரிஞ்சிடுமா?" என்று கேட்டார். "அச்சகத்துல முப்பது வருஷம் எடம் பத்தலன்னா நான்தான் வரி எடுப்பேன். யாரும் கண்டுபிடிச்சதில்ல."

ஏன் எடுத்தீர்கள் என்றேன். "தப்பு அக்கா கையெழுத்துல இருந்துச்சுன்னு அவ புகுந்த வீட்டுல எதுக்குத் தெரியணும்? அன்னிக்கே தெரிய வேணாம்னுதானே உறையோட வெச்சுட்டு வந்தேன்" என்றார்.

அப்புறம்தான் அவருக்கு உறைத்தது. "ஆமா, நான் எடுத்த வரி உங்களுக்கு எப்படிக் கிடைச்சுது?"

"அண்ணி அனுப்பினாங்க. புள்ளி, காற்புள்ளியோட" என்றேன்.

சிரித்தாரா, மூக்கைச் சிந்தினாரா என்று சொல்லத் தெரியவில்லை. இரண்டும் கேட்டது. மே 11, காலை வண்டி.

நான் உங்களிடம் எதையும் கேட்கவில்லை. சோதனையின் முடிவு இவ்வளவுதான்: கடிதம் உங்கள் வீட்டிலிருந்து புறப்பட்டது. ஆள் யார் என்று சொல்ல அதற்குத் திராணியில்லை. பல் மருத்துவரை மட்டும் இனிமேல் விட்டுவிடலாம் என்பது என் தாழ்மையான கருத்து.

தம்பி

*

மே 20

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே இருவரும் நலம். வரிசையில் ஐம்பது நிமிடம் நின்றேன். முழங்கால் சொன்னதை எழுத முடியாது.

வந்துவிட்டாள். இளைத்திருக்கிறாள், ஆனால் ஒப்புக்கொள்ளமாட்டேன் என்கிறாள். வாசலில் நின்றுகொண்டு, "பிளாஸ்க் எங்க?" என்று கேட்டாள். கொடுத்தேன். மூடியைத் திறந்து மோந்து பார்த்தாள். ஆறு வருடமாக மாதம் ஒருமுறை வெந்நீர் ஊற்றிக் கழுவி வைத்திருக்கிறேன், அதில் என்ன நாற்றம் இருக்கும்? பிறகுதான் உள்ளே வந்தாள். இரண்டாம் நாளே சமையலறை டப்பாக்களை இடம் மாற்றிவிட்டாள். மூன்று நாளுக்கு எனக்கு உப்பு அகப்படவில்லை. பல் மருத்துவரிடம் போய் ஒரு கடைவாய்ப் பல்லையும் காட்டிவிட்டு வந்தாள், நல்ல மனிதர் என்கிறாள். இருக்கலாம்.

மரண அறிவிப்புக்காக நான் எழுதிக் கொடுத்த அந்தச் சீட்டைப் பற்றி அவள் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன். அன்று காலை, அவருடைய பணப்பையில் முதலில் அகப்பட்ட பழைய அடையாள அட்டையைப் பார்த்து அப்படியே எழுதியிருக்கிறேன். எங்கள் கல்யாணத்தின்போது அவர் உதவி வரைவாளர்தான். "எனக்குத் தெரியும்க்கா, உன்கிட்ட கேட்டு மாத்தியிருக்கணும். அந்த நெலமையில உன்னை எழுப்ப மனசு வரல" என்றாள். பிறகு இரண்டு பேரும் உப்பைத் தேடினோம்.

ஜூலையில் ஏழாவது நினைவு நாள். அறிவிப்பை அவளே கோக்கிறாள். தலைமை வரைவாளர் என்று நான் சீட்டு எழுதிக் கொடுத்தேன். அடியில் கையெழுத்துப் போடாமல் வாங்கமாட்டேன் என்றாள். அவளும் போடாமல் கொடுக்கமாட்டேன் என்றேன். அரை மணி நேரம் ஆயிற்று. இருவரும் போட்ட சீட்டின் பிரதியை இத்துடன் வைத்திருக்கிறேன். நீயும் ஒருமுறை பார்த்துச் சொல்.

உன் மார்ச் 15ஆம் தேதிக் கடிதத்தில் மூன்றாவது பத்தியில் ஒரு கேள்வி இருந்தது. ஒரு வார்த்தையில் பதில் கேட்டிருந்தாய். ஆம்.

151ஐ 120க்குக் கொண்டு வா.

அண்ணி

*

(அதே கடிதத்தின் அடியில், வேறு கையெழுத்தில்)

தபாலில் போடச் சொல்லி அக்கா என்னிடம் கொடுத்தாள். ஒட்டுவதற்கு முன் முழுக்கப் படித்தேன். ஒரு வரியும் எடுக்கவில்லை.